ரிம்பா கியாரா: பூங்காவா, லயத்து மக்களுக்கு வீடா என்று கேட்பதே தவறு

கியாரா பேத்தி எழுதியது:

வணக்கம். நேற்று எங்கள் வாட்சாப் குழுவில் ஒருவர் இப்படிப் போட்டிருந்தார்: "பணக்காரர்கள் காலையில் நடப்பதற்காக நம் ஏழை மக்களின் வீட்டை நீதிமன்றம் பறித்துவிட்டது." கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் (டிடிடிஐ) இருக்கும் ரிம்பா கியாரா பூங்காவைத்தான் சொல்கிறார். பத்துப் பேர் அதற்குக் கைகூப்பியிருந்தார்கள். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த இழை.

என் பாட்டி புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1970களில் தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் தோட்டத்து மக்களை அங்கேயே ரூமா பாஞ்சாங், அதாவது வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகள், கட்டி வைத்தார்கள். "கொஞ்ச காலம்தான், பிறகு நிரந்தர வீடு வரும்" என்று சொல்லித்தான் குடியேற்றினார்கள். கிட்டத்தட்ட 100 குடும்பங்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. என் அம்மாவுக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. நான் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், எனக்கே பிள்ளை பிறந்துவிட்டது. என் மாமா குடும்பத்துக்கு அந்தக் "கொஞ்ச காலம்" இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் பழைய தோட்டத்து நிலத்தில் கோல்ஃப் திடல் வந்தது, குதிரையேற்றக் கழகமும் வந்தது. குதிரைக்கு லாயம் கட்ட இடம் கிடைத்த மலையில் பால் வெட்டியவர்களுக்கு வீடு கட்ட மட்டும் இடம் கிடைக்கவில்லை.

பிறகு 2017ல் ஒரு திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பூங்கா 25 ஏக்கர். அதில் 12 ஏக்கரை எடுத்து, 42 மாடியிலிருந்து 54 மாடி வரை எட்டு சர்வீஸ் அபார்ட்மென்ட் கட்டடங்கள். கூடவே 29 மாடியில் ஒரு கட்டடம், 350 மலிவு விலை வீடுகள். எங்கள் மக்களுக்கான வீடு அந்த 29 மாடிக்குள் இருந்தது.

அந்த ஒரு கட்டடத்தைக் காட்டித்தான் மற்ற எட்டுக்கும் நியாயம் சொன்னார்கள். "இதை எதிர்த்தால் தோட்டத்து மக்களின் வீட்டை எதிர்க்கிறீர்கள்" என்றார்கள். எங்களில் பலரும் அதை நம்பினோம். முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவன் எதைத்தான் நம்பமாட்டான்?

நான் கேட்பது இது மட்டும்தான். 100 குடும்பத்துக்கு வீடு கட்ட 12 ஏக்கர் எதற்கு? நான்கு மாடியில், மாடிக்கு எட்டு வீடு என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டடத்தில் 32 வீடு. நான்கு கட்டடம் போதும், பிள்ளைகள் கல்யாணம் ஆகிப் பிரிந்தாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். இப்போது ரூமா பாஞ்சாங் நிற்கும் மண்ணிலேயே அதைக் கட்டலாம். ஒரு மரத்தில்கூடக் கைவைக்க வேண்டாம். இந்தக் கணக்கை ஏன் அன்றைக்கே யாரும் போடவில்லை?


செந்தூல்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள். செந்தூலில் பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மாதம் 1,300 வெள்ளி (ரிங்கிட்). மலிவு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு வருடக்கணக்காகிறது. ரெசிடென்சி விலாயா என்ற மலிவு வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு உச்ச விலை 300,000 வெள்ளி என்கிறார்கள். என் சம்பளத்துக்கு அந்தக் கடனே கிடைப்பது கஷ்டம். இந்த நிலையில் "மரத்தை வெட்டாதே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். மரம் எனக்குக் கூரை தராது.

இன்னொன்று. செந்தூலில் பழைய ரயில்வே நிலத்தில் அழகான பெரிய பூங்கா இருக்கிறது. அது தனியார் பூங்கா. வேலிக்கு வெளியே நின்று மரத்தைப் பார்த்துவிட்டு வந்ததுதான் எனக்குத் தெரியும். என் பிள்ளைகள் விளையாடுவது கார் நிறுத்துமிடத்தில். டிடிடிஐ மாதிரி இடத்தில் இருப்பவர்கள் பசுமையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும்போது அவர்கள் காப்பாற்றுவது தங்கள் வீட்டு விலையைத்தானோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தப்பாக இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.


கியாரா பேத்தி எழுதியது:

அண்ணே, கோபம் நியாயமானது. ஆனால் அந்த எட்டுக் கட்டடத்தில் உங்களுக்கு ஒரு வீடு இருந்திருக்குமா? கோலாலம்பூரில் விற்காமல் கிடக்கும் வீடுகளில் பெரும் பங்கு சர்வீஸ் அபார்ட்மென்ட்தான். நீங்கள் வாங்கக்கூடிய வீடுதான் பற்றாக்குறை. பூங்காவை வெட்டி அந்தப் பற்றாக்குறையை யாரும் தீர்க்கப் போவதாகச் சொல்லவில்லையே.


கோட்டுப்படம் எழுதியது:

நான் நகரத் திட்டமிடல் துறையில் வேலை செய்தவன், இப்போது ஓய்வு. வழக்கைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கோலாலம்பூருக்கு ஒரு கட்டமைப்புத் திட்டம் உண்டு, எந்த நிலம் எதற்கு என்று சொல்வது. 2020ஆம் ஆண்டை இலக்காக வைத்து எழுதப்பட்ட திட்டம் 2004ல் அரசிதழில் வந்தது. அதில் ரிம்பா கியாரா பொதுப் பூங்காவாகக் காட்டப்பட்டிருந்தது. அந்தத் திட்டத்தை எழுதும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், கூட்டம் போட்டார்கள், நானும் சில கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அது நகரத்துக்கும் நகரத்து மக்களுக்கும் இடையே எழுதிவைத்த வாக்கு. 2017 ஜூலையில் அதே நிலத்தில் கட்டலாம் என்று அனுமதி தரப்பட்டது. அடுத்த மாதமே டிடிடிஐ குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள்.

2018ல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, கட்டட அனுமதியை ரத்துசெய்தது. 2023 ஏப்ரல் 18ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்று நீதிபதிகள், ஒருமனதான தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அந்தத் தீர்ப்பில் "ஏழைகளுக்கு வீடு கட்டாதே" என்று ஒரு வரிகூட இல்லை. திட்டத்தில் பூங்கா என்று எழுதிவைத்துவிட்டு அதற்கு மாறாக அனுமதி தந்தால், ஏன் மாறினாய் என்று காரணம் சொல்லவேண்டும் என்பதுதான் அதன் சாரம். டத்தோ பண்டார், அதாவது மாநகரத் தலைவர், தன் விருப்பப்படி திட்டத்தை ஒதுக்கிவைக்க முடியாது. சுற்றியிருக்கும் மக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. இன்னொரு விஷயமும் வழக்கில் அடிபட்டது. நிலம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. அனுமதி தரும் பதவியில் இருப்பவர் அந்த அறக்கட்டளையிலும் பொறுப்பில் இருந்தார். அது முரணான நிலை என்று நீதிமன்றம் சொன்னது.

இதில் இன்னும் ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965ல் நிறுத்தப்பட்டது. திரும்ப வரவில்லை. 1974ல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான பிறகு இங்கே சட்டமன்ற உறுப்பினரும் கிடையாது. நமக்கு இருப்பது நாடாளுமன்றத்துக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான். டத்தோ பண்டார் நியமனம். நகராட்சி உறுப்பினர் என்று ஒருவரைப் பிடித்து, "அண்ணே, எங்கள் திடலில் என்ன குழி தோண்டுகிறார்கள்?" என்று கேட்க வழியில்லை. அப்படிப்பட்ட ஊரில் கட்டமைப்புத் திட்டமும் அதன் மீது வழக்குப் போடும் உரிமையும் இல்லையென்றால் நம் கையில் வேறொன்றும் இல்லை. அதனால்தான் இந்தத் தீர்ப்பு டிடிடிஐக்கு மட்டுமான தீர்ப்பு இல்லை. செந்தூலில் நாளைக்கு ஒரு திடல் போனாலும் தம்பிக்கு இதே தீர்ப்புதான் துணை.


மேட்டுத்தெரு எழுதியது:

நான் டிடிடிஐவாசி. செந்தூல்காரன் தம்பி கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

வீட்டு விலைக்காகச் சேர்ந்தவர்களும் எங்களில் இருந்திருப்பார்கள். எல்லோர் மனதையும் நான் திறந்து பார்க்கவில்லை. நான் சேர்ந்தது தண்ணீருக்காக. புக்கிட் கியாரா பெஞ்சாலா ஆற்றின் தலைப்பகுதி. மலையில் பெய்யும் மழையை வேரும் இலைச்சருகும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சிமென்ட் போட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கும். நம் ஊர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருண்டால் அரை மணி நேரத்தில் தோட்டத்தில் பால் சுமக்கும் காண்டா வாளியைக் கவிழ்த்தது மாதிரி கொட்டும். என் தெருமுனைக் கால்வாய் ததும்பி, காரின் பாதி சக்கரம் மூழ்கியதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளத்துக்காக 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் தோண்டிய நகரம் இது. ஒரு பக்கம் சுரங்கம் தோண்டிக்கொண்டு இன்னொரு பக்கம் மலையடிவாரத்தைச் சிமென்டால் மூடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருடமாக அந்தப் பூங்காவில் நடக்கிறேன். ரூமா பாஞ்சாங் கண்ணுக்கு எட்டும் தூரம்தான். கோயில் திருவிழாவின்போது மேளச் சத்தம் கேட்கும். 2017 வரை ஒருமுறைகூட நான் அந்தப் பக்கம் போய், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதில்லை. தமிழன்தான் நானும். வழக்கு வந்த பிறகுதான் போனேன். ஒரு அம்மா நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேலே பார்த்தேன், கூரைத் தகரத்தில் ஓட்டை அடைத்த தார். அன்றைக்கு எனக்கு உண்டான வெட்கம் இன்னும் போகவில்லை. அவர்களுக்கு அதே இடத்தில் வீடு கட்டித் தரவேண்டும் என்பதைப் பிறகு நாங்களும் சேர்த்தே பேச ஆரம்பித்தோம். முதலிலேயே பேசியிருந்தால் எங்களைப் பிரித்திருக்க முடியாது.


ஜெலுத்தோங் தம்பி எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது எனக்குக் கம்போங் புவா பாலாதான் ஞாபகம் வருகிறது. குளுகோர் பக்கம், பிரவுன் குடும்பத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள் இருந்த ஊர். மாடு வளர்த்து, ஆடு வளர்த்து, பால் கறந்து விற்றவர்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது பொங்கலுக்கு அப்பா அங்கே கூட்டிப்போவார். மாட்டுக்கொம்புக்கு வர்ணம் பூசுவதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். தீவில் அப்படி ஒரு பசுமையான இடம் நமக்கென்று வேறெங்கும் இல்லை.

நிலம் கைமாறியது. வழக்கு நடந்து கடைசியில் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகளை இடித்தார்கள். இப்போது அங்கே உயரமான கொண்டோ. ஒத்துக்கொண்ட குடும்பங்களுக்கு இரட்டை மாடி வீடு கிடைத்தது, அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரட்டை மாடி வீட்டில் மாடு கட்ட முடியாது. வீடு கிடைத்தது, பிழைப்பு போனது.

அதனால் கியாரா அக்காவுக்கு ஒரு வார்த்தை. வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் பேசாதீர்கள். கோயில் எங்கே இருக்கும், அடுப்படியில் காற்று வருமா, வயதானவர்கள் வெளியே உட்கார ஐந்தடி இருக்குமா, யார் பெயரில் பத்திரம் வரும், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.


செந்தூல்காரன் எழுதியது:

ஐயா கோட்டுப்படம், தீர்ப்பைப் பற்றி எனக்கு இப்படி யாரும் சொன்னதில்லை. நன்றி. மேட்டுத்தெரு அண்ணனுக்கும்.

சரி, பூங்காவில் கட்டவேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் எங்கே கட்டுவது? இந்த ஊரில் வெறும் நிலம் எங்கே இருக்கிறது?


கோட்டுப்படம் எழுதியது:

ஏற்கெனவே சிமென்ட் போட்ட இடத்தில், தம்பி. சுங்கை பீசி பக்கம் ரசாக் மென்ஷன் என்று 1960களில் கட்டிய அடுக்குமாடிகள் இருந்தன, குட்டை குட்டையாக, வரிசையாக. பக்கத்திலேயே புதிய கட்டடம் எழுப்பி, இருந்தவர்களை முதலில் அதில் குடியேற்றிவிட்டுத்தான் பழையதைக் காலி செய்தார்கள். அது எல்லா விதத்திலும் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரைவிட்டுப் போகவேண்டிய கட்டாயம் இல்லை, பிள்ளைகள் பள்ளி மாறவேண்டியதில்லை. அந்த வரிசைதான் முக்கியம். முதலில் புது வீட்டுச் சாவி, பிறகு பழைய வீட்டை இடிப்பது. இதற்கு எதிர்மாறாக ஜாலான் துன் ரசாக்கில் பெக்கெலிலிங் பிளாட்டைப் பாருங்கள். மக்களை வெளியேற்றி, இடித்து, நகரின் நடுவில் அந்த இடம் வருடக்கணக்கில் வேலி போட்டுக் கிடந்தது. ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில். அங்கே எத்தனை செந்தூல்காரர்கள் குடியிருந்திருக்கலாம்!

பூங்காவில் கை வைப்பது நிலம் இல்லாததால் அல்ல. பூங்காவில் குடியிருப்பவர் இல்லை, நஷ்டஈடு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, மாடியிலிருந்து தெரியும் பச்சைக் காட்சியால் வீட்டு விலையும் ஏறும். பழைய அடுக்குமாடியைத் திருத்துவதென்றால் நூறு வீட்டுக் கதவைத் தட்டி நூறு குடும்பத்திடம் பேசவேண்டும். சுலபமான வழியைத் தேடும்போதுதான் கண் பூங்கா மேல் விழுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசிதழில் போட்டால் பூங்கா பத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். போடவேண்டும், அவசியம். ஆனால் புக்கிட் நானாஸ் காட்டை 1906லேயே அரசிதழில் போட்டார்கள். அப்போது 17 ஹெக்டருக்கு மேல். இன்று 10 ஹெக்டர்கூட இல்லை. கோலாலம்பூர் கோபுரம் நிற்பது அந்தக் குன்றில்தான். சிலாங்கூரில் காட்டு ஒதுக்கீட்டை நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்தவேண்டும் என்று 2011ல் சட்டம் திருத்தினார்கள். நம் நகரப் பூங்காக்களுக்கும் அப்படி ஒரு பூட்டு வேண்டும். போடுவது மாதிரியே எடுப்பதற்கும் மக்களைக் கேட்கவேண்டும்.


வகுப்பாசிரியை எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பிபிஆர் எனும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடிகளிலிருந்து வருகிறார்கள். மாத வாடகை 124 வெள்ளி, அது அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் மின்தூக்கி பழுதானால் பன்னிரண்டாம் மாடிப் பாட்டி மருத்துவமனைக்குப் போவதில்லை. பிள்ளைகள் சாயங்காலம் கீழே இறங்குவதில்லை. ஒருமுறை "நீ பார்த்த மரம்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் பள்ளி வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றித்தான் எழுதினான். வேறு மரம் அவனுக்குத் தெரியவில்லை.

அதனால் 29 மாடி என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. தரையோடு வாழ்ந்த மக்களை, வாசலில் துளசியும் கறிவேப்பிலையும் வைத்தவர்களை, 29 மாடிக்கு ஏற்றிவிட்டு, கீழே இருந்த பூங்காவையும் எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வீடு கேட்கும் மக்களுக்குத்தான் பூங்கா அதிகம் தேவை. டிடிடிஐ பங்களாவில் தோட்டம் இருக்கிறது. ரூமா பாஞ்சாங் பிள்ளைகளுக்கு ரிம்பா கியாராதான் தோட்டம்.


கியாரா பேத்தி எழுதியது:

டீச்சர், நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டி இப்போது எங்களோடு சிகாம்புட்டில் இருக்கிறார். வயது 84. காது கொஞ்சம் மந்தம். இன்று மாலை இந்த இழை முழுவதையும் சத்தமாக வாசித்தேன். கோர்ட்டு, அரசிதழ் எல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஜெலுத்தோங் தம்பி எழுதியதில் மட்டும் நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "மாடியில வீடு கொடுத்தா சாமிக்குப் பொங்கல் எங்க வைக்கிறது?" நாற்பது வருடத்தில் யாரும் அவரிடம் வந்து எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டதில்லை. வரைபடம் வந்திருக்கிறது, அறிவிப்பு வந்திருக்கிறது, படம் எடுக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

அதனால் மாமாவிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு ரூமா பாஞ்சாங் பக்கம் எல்லோரும் கூடி உட்காருவோம். வீடு வீடாகக் கேட்டு எழுதப் போகிறோம்: எத்தனை பேர், எத்தனை வயதானவர்கள், எந்த மாடி வரை ஏறமுடியும், வாசலில் என்ன வேண்டும். அந்தப் பட்டியலைக் கையெழுத்தோடு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். கோட்டுப்படம் ஐயா, நான்கு மாடிக் கணக்கை ஒரு தாளில் வரைந்து கொண்டுவர முடியுமா? மேட்டுத்தெரு அண்ணே, உங்கள் பக்கத்துச் சங்கத்தில் இரண்டு பேரையாவது கூட்டி வாருங்கள், இந்த முறை இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.

செந்தூல்காரன் அண்ணே, பிள்ளைகளைக் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். அந்தப் பூங்காவுக்கு வேலி இல்லை. அங்கே வண்டி நிறுத்த இடம் குறைவு, எம்ஆர்டி ரயிலில் வந்தால் டிடிடிஐ நிலையத்தில் வந்து நான் ஏற்றிக்கொள்கிறேன். பாட்டி இட்லி அவிக்கப் போகிறாராம்.